பிரிக்க இனித் துணியில்லை

அத்தியாயம் 9

உள்ளே துணி தீர்ந்துவிட்டது.

தையல்காரி கணவரின் பேண்ட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்க நடுத்தையலின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தாள். தொழில் தெரிந்த யாரும் இடுப்புத் துணியை ஒட்ட வெட்டமாட்டார்கள். நாளைக்கு உடம்பு எப்படிப் போகுமோ என்று உள்ளே கொஞ்சம் விட்டுத்தான் தைப்பார்கள். இந்தப் பேண்ட்டைத் தைத்தவளே அவள்தான், தாராளமாகவே விட்டிருந்தாள். அந்தத் தாராளமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய், இப்போது தையல் பிடிக்கிற அளவுக்கு ஒரு மெல்லிய ஓரம்தான் மிச்சம். இனிமேல் பிரித்தால் ஒட்டுத்துணி வைக்க வேண்டும். ஒட்டு வைத்தால் வெளியே தெரியும்.

தெரியக் கூடாது என்றுதானே இத்தனை நாள் பாடுபட்டாள்.

இந்த வீட்டுக்கு இன்றுதான் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இங்கே இப்போது மூன்று பேர். கட்டட வேலையில் உயரமான கிரேன் ஓட்டும் ஆபரேட்டர், அவர் மனைவி தையல்காரி, காலேஜில் கடைசி வருஷம் படிக்கும் மகள் சிட்டு. நான்காவது ஆள் ஒருத்தர் இருந்தார். ஆபரேட்டரின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எல்லோருக்கும் சின்னவர். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வண்டியில் வீடு திரும்பும்போது ஒரு லாரி வந்து மோதியது. அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அழுததாகப் பலர் எழுதியிருந்தார்கள். இந்த வீட்டில் யாரும் அழவில்லை. வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள், மறுவாரம் தையல் மிஷின் ஓடியது.

சின்னவர் இருந்தபோது அவருக்கு ஒரு தட்டில் சாப்பாடு போட்டு, இன்னொரு தட்டால் மூடி வைத்துவிட்டுத்தான் தையல்காரி படுப்பாள். அவர் போன பிறகும் கை அதையே செய்தது. நான்கு பேருக்கு அரிசி போட்டது, மூடி வைத்தது. முதல் நாள், விடிந்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

யார் சாப்பிட்டது என்று அவள் கேட்கவில்லை. ஆபரேட்டரும் சொல்லவில்லை. கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு சின்னவர் இல்லை என்கிற பேச்சும் வரும். அன்று இரவும் அவள் தட்டை மூடி வைத்தாள்.

அதன் பிறகு தட்டோடு நிற்கவில்லை. ரொட்டிப் பொட்டலம் ஒரே இரவில் காலியாகும். அவித்து வைத்த முட்டைகள் ஓட்டைக் குப்பையில் விட்டுவிட்டு மறையும். பால் பவுடர் டப்பாவுக்குள் கரண்டி நிற்கும். காலையில் அந்தச் சமையலறைக்குள் போனால் துப்பறிவாளர் தேவையில்லை.

பேண்ட்டின் கொக்கி முதல் தடவை திணறியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'என்னங்க, உடம்பு போடுது' என்று. வீட்டுக்கு வீடு மனைவிமார் சாப்பாட்டு மேஜையில் சொல்கிற பேச்சுதான் அது. அவளுக்கு வாய் வரவில்லை, கை வந்தது. பிரித்துக் கொஞ்சம் தளர்த்தித் தைத்து, தேய்த்து, மடித்து வைத்துவிட்டாள். அவர் போட்டுக்கொண்டு, "பார்த்தியா, பேண்ட் அப்படியே நிக்குது" என்றார். அடுத்த தடவையும் கைதான் வந்தது. அதற்கடுத்த தடவையும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இவள் முழு ஆளையே பேண்ட்டுக்குள் மறைத்தாள்.

அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் இருக்குமே, அப்படித்தான் அவள் இருந்தாள். தொடுவது தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

"டெய்லரம்மா, பேண்ட் ஆச்சா?" உள்ளேயிருந்து ஆபரேட்டர் குரல் கொடுத்தார்.

"ஆச்சு ஆச்சு."

கொக்கியை ஓரத்தின் கடைசி விளிம்புக்கு நகர்த்தித் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மாட்டியிருப்பார். அவள் ஊசிகளை எடுத்து வைப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"இன்னிக்கு வருஷாந்திர செக்கப்பு" என்றார். "நர்ஸம்மா பார்க்கணுமாம். கண்ணு, காது, பிரஷரு."

"எடையும் பார்ப்பாங்களாப்பா?" சிட்டு கேட்டாள். கையில் பால் இல்லாத தேநீர், தோளில் பை.

"பார்க்கட்டுமே! நமக்கென்ன பயம்? கல்யாணத்தன்னிக்கு இருந்த இடுப்பு." வயிற்றில் ஒரு தட்டு தட்டிக் காட்டினார். "என்ன, கிரேன் ஏற மாட்டுற பாதுகாப்பு பெல்ட்டைத்தான் இப்பல்லாம் சின்னதா தைக்கிறான். கம்பெனி நாடாவுல மிச்சம் பிடிக்குது. ஏணியும் வயசாக வயசாக வளருது போல."

சிட்டு சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு கழுவிக் கவிழ்த்திருந்த நான்காவது தட்டைப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் தையல்காரி.

"பசிக்கலம்மா. ஏம்மா, இந்த ஸ்கர்ட் லூசா இருக்கு. கொஞ்சம் பிடிச்சுக் குடேன்."

"வெச்சிட்டுப் போ."

மிஷின் பக்கத்தில் இருந்த குவியலின் மேல் ஸ்கர்ட்டைப் போட்டுவிட்டு அவள் போனாள். தையல்காரி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிடிக்க வேண்டும், பிடித்துக் கொடுத்தால் ஆயிற்று.

ஆபரேட்டர் வேலை செய்யும் கம்பெனியின் பளபளக்கும் பாதுகாப்பு மேல்சட்டைகளைத் தைத்துச் சீர்செய்து கொடுப்பது தையல்காரிதான். அன்று காலை ஒரு மூட்டை தயாராக இருந்தது. அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு, அவர் போன கொஞ்ச நேரத்தில் அவளும் கிளம்பினாள்.

வாசலில் கான்கிரீட் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன, அவற்றின் பீப்பாய்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. உள்ளே நுழைந்ததும் பழக்கத்தில் அண்ணாந்து கிரேன் கூண்டைப் பார்த்தாள். மேலேயிருந்து பார்த்தால் நீ ஒரு பித்தான் மாதிரி இருப்பாய் என்று அவர் சொல்வார். அதற்காகவே அங்கே நின்று ஒரு தடவை கையாட்டுவாள். இன்று கூண்டில் ஆள் இல்லை.

ஸ்டோர் என்பது தகரக் கூரை போட்ட நீளமான அறை. ஆணி, கம்பி, கையுறை, பெயிண்ட் எல்லாம் கலந்து வாசம் வரும். ஸ்டோர்காரர் மேல்சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒளிரும் பட்டையைப் பிடித்து இழுத்து, தையல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. முதலில் ஆபரேட்டர். அவர் பின்னால் நர்ஸ். நர்ஸ் பின்னால், போனைக் காதிலிருந்து எடுக்காமலே சூப்பர்வைசர்.

"அந்த எடை மெஷின் பழசு. அதான் தப்பாக் காட்டுது" என்று சொல்லிக்கொண்டே வந்த ஆபரேட்டர், மனைவியைக் கண்டதும் ஒரு நொடி நின்றார். பிறகு ஸ்டோர்காரரிடம் திரும்பினார். "அண்ணே, கம்பி நிறுக்கிற தராசு சரியா இருக்கா?"

"இது பொய் சொல்லாதுப்பா. பொய் சொன்னா முதலாளிக்கில்ல நஷ்டம்" என்றார் ஸ்டோர்காரர்.

ஆபரேட்டர் காலணியைக் கழற்றினார். சாவிக்கொத்தை எடுத்து வைத்தார், போனை எடுத்து வைத்தார், கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்தார். இரும்புக் கம்பிக் கட்டுகள் ஏறுகிற பலகையின் மேல் வெறுங்காலோடு ஏறி நின்றார்.

எண்கள் கொஞ்சம் தடுமாறி, நின்றன.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். "அதேதான் காட்டுது. ரெண்டு மெஷினும் பேசி வெச்சுக்கிட்டா பொய் சொல்லும்?"

ஆபரேட்டர் பலகையை விட்டு இறங்கவில்லை.

"அண்ணே, இதுல கோவிச்சுக்க ஒண்ணுமில்ல" என்றாள் நர்ஸ். சின்னப் பெண், குரலும் மெதுவாகத்தான் இருந்தது. "விழுந்தா தாங்கிப் பிடிக்கிற கயிறு, அதுல எவ்வளவு எடை தாங்கும்னு எழுதியிருக்கு. நீங்க அதைத் தாண்டிட்டீங்க. போன வருஷம் எங்கயோ இருந்தீங்க. ராத்திரி லேட்டா சாப்பிடுறீங்களா?"

"நானா? பொழுதோட சாப்பிட்டுட்டுப் படுக்கிறவன் நான்."

தையல்காரி கையிலிருந்த மேல்சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

சூப்பர்வைசர் போனைப் பொத்திக்கொண்டு பேசினார். "நர்ஸம்மா, வாசல்ல கான்கிரீட் வண்டி வரிசை கட்டி நிக்குது. ஏத்தலன்னா வண்டியிலயே இறுகிப் போயிரும். என் தலைதான் உருளும். இன்னிக்கு ஒரு நாள் ஏறட்டும். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இவ்வளவு பேச்சு எதுக்கு?" ஆபரேட்டர் குரலை உயர்த்தினார். "மெஷினை விடுங்க. என் பேண்ட்டைப் பாருங்க. எத்தனையோ வருஷமா இதே பேண்ட்தான். நேத்தும் போட்டேன், இன்னிக்கும் போட்டிருக்கேன். உடம்பு ஏறியிருந்தா இடுப்புல நிக்குமா? தைச்சவளே இதோ நிக்கிறா, கேளுங்க! அளவு அவளுக்குத் தெரியாததா?"

நுணலும் தன் வாயால் கெடும்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அவர் பார்வையில் ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தாங்கவில்லை என்பதும் எங்கோ தொலைவில்தான் தெரிந்தது.

"வேலிக்கு ஓணான் சாட்சியா?" சூப்பர்வைசர் சிரித்தார். ஆனால் அவருக்கு அந்தச் சாட்சி வேண்டியிருந்தது. "சரி, சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா நான் எடுத்துக்கிறேன். அதே பேண்ட்தானா?"

"அதே பேண்ட்தான்" என்றாள்.

அது பொய்யில்லை.

"அவ்வளவுதான்! போய் ஏறுங்க." சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார். நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தன் பெரிய அதிகாரிக்குப் போன் செய்யத் திரும்பிக்கொண்டாள்.

ஆபரேட்டர் காலணியை மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய பெல்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். தையல்காரியும் பின்னால் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிரேனின் அடியில் நின்று அவர் பெல்ட்டைப் போட்டார். தோள் நாடா, தொடை நாடா. மார்பில் மாட்ட வேண்டிய இரண்டு முனைகளும் சேரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார். இழுத்துப் பிடித்துக்கொண்டு முனைகளை நெருக்கினார். மாட்டிக்கொண்டது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். காலையில் அடுத்த அறையில் அவர் பேண்ட் கொக்கியை மாட்டியபோது கேட்ட சத்தத்துக்குப் பெரியண்ணன்.

அவள் கண் தானாக நாடாவின் தையலுக்குப் போனது. தடித்த நூல், குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித் தைத்திருந்தார்கள். நல்ல வேலை. ஆனாலும் தையல் என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு தையல் கண்ணும் தன் பங்குக்குத்தான் தாங்கும். பாரம் கூடினால் ஒன்று விடும், அது விட்டால் அடுத்ததும் விடும்.

அவர் ஏணியின் முதல் படியில் காலை வைத்தார்.

இன்று ராத்திரி இரண்டு தட்டு மூடி வைக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பயந்து தோன்றியதல்ல. வந்த துணிக்குப் பித்தான் எத்தனை வேண்டும் என்று தோன்றுமே, அப்படி நிதானமாகத் தோன்றியது.

"இறங்குங்க" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன?"

"இறங்குங்க. நான்தான் பிரிச்சு விட்டேன்."

"எதை?"

"பேண்ட்டை. ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் பிரிச்சுத் தளர்த்தித் தைச்சேன். இன்னிக்குக் காலைல உள்ள துணியே தீர்ந்துபோச்சு. மெஷின் சரியாத்தான் காட்டுது. ஏறாதீங்க."

அவள் கத்தவில்லை. ஆனால் கம்பி வளைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், சூப்பர்வைசர் போனைக் காதிலிருந்து எடுத்தார், நர்ஸ் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். யாரோ ஒருவன் சிரித்துவிட்டு, இன்னொருவன் முறைத்ததும் அடக்கிக்கொண்டான்.

ஆபரேட்டர் ஏணியிலிருந்து காலை எடுத்தார். பெல்ட்டைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது, மார்புக் கொக்கி லேசில் வரவில்லை. அவள் உதவிக்குக் கை நீட்டினாள். அவர் ஒரு அடி தள்ளிப் போய்த் தானே கழற்றிக்கொண்டார்.

அடுத்த கிரேனிலிருந்து ஆளை இறக்கிக் கூட்டி வந்தார்கள். எடை இறங்கும்வரை இவருக்குக் கீழே வேலை என்று முடிவாயிற்று. சிமெண்ட் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடுகிற வேலை. இத்தனை வருஷம் எல்லோர் தலைக்கும் மேலே உட்கார்ந்திருந்தவர் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார்.

அவள் வெறும் கோணியை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கினாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஆபரேட்டர் வந்துவிட்டார். உடை மாற்றிக்கொண்டு, கழற்றிய பேண்ட்டோடு வந்து, தையல் மிஷினுக்கு முன்னால் இருந்த அவள் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் நாள்பூராவும் உட்காருகிற இடம் அது. அவர் அதில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

விளக்கைப் போட்டார். பேண்ட்டைத் திருப்பி, நடுத்தையலை விளக்குக்கு நேராகப் பிடித்தார். பழைய தையல் ஓடிய இடங்களிலெல்லாம் ஊசித் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் கொஞ்சம் நிறம் மாறிய துணி. அவர் ஒரு வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை கொண்டு போனார். பிறகு அடுத்த வரிசை.

"இவ்வளவு தடவையா?"

"ம்."

"ஊர் பார்க்க நடுவுல நின்னு சொன்னே. வீட்டுல ஒரு நாள் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"ராத்திரி எழுந்து போறதை நீங்க சொன்னீங்களா?"

அவர் விரல் நின்றது. "நீ ஏன் தட்டு மூடி வெக்கிறே?"

மிஷின் விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி பறந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"சித்தப்பா செத்துட்டாரு."

வாசல் நிலையில் சிட்டு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, பை இன்னும் தோளிலேயே இருந்தது.

அந்தச் சொல் அந்த வீட்டில் அதுவரை யார் வாயிலும் வந்ததில்லை. 'போயிட்டார்' என்பார்கள். 'அன்னிக்கு' என்பார்கள். பல நாட்களில் அதுவும் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

"அம்மா தினம் அவருக்கு ஆக்குறாங்க. நீங்க தினம் அவரோடதைச் சாப்பிடுறீங்க. நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு தினம் அதைக் கேக்குறேன். தட்டுல கரண்டி படற சத்தம், குழாய் திறக்கிற சத்தம் எல்லாம். முதல்ல எல்லாம் சித்தப்பாதான் வந்துட்டாரோன்னு முழிச்சிப்பேன்." சிட்டு பையை இறக்கித் தரையில் வைத்தாள். "அவர் செத்துட்டாருப்பா. எத்தனை தட்டு சாப்பிட்டாலும் வரமாட்டாரு."

"ஏய்!" என்றாள் தையல்காரி. அதட்டலில் சுரத்தில்லை.

"விடு, அவ சொல்லட்டும்" என்றார் ஆபரேட்டர். பேண்ட்டை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு அவராகவே பேசினார். "ஒரு நாளும் பசிச்சுச் சாப்பிடல. பசின்னா என்னன்னே தெரியல. தூக்கம் கலைஞ்சிடும். அந்தத் தட்டு அங்க இருக்கும்னு தெரியும். காலைல எழுந்து பார்க்கும்போது அது மூடினபடியே இருந்தா, அவன் வரலன்னு ஆயிடும். காலியா இருந்தா... வந்து சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கான்னு ஒரு நிமிஷம் நினைச்சுக்கலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். அப்புறம் தட்டோட நிறுத்த முடியல."

தையல்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்து காலித் தட்டைப் பார்க்கும்போது அவளுக்கும் அதே ஒரு நிமிஷம் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே தட்டை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்த ஒரு நிமிஷத்தைத் தின்றிருக்கிறார்கள்.

"டேப்பை எடு" என்றார்.

"எதுக்கு?"

"அள. எனக்குத் தெரியணும். மறுபடியும் மேல ஏறணும்னா எங்கேயிருந்து இறங்கணும்னு தெரிய வேணாமா?"

கழுத்தில் எப்போதும் கிடக்கும் இஞ்ச் டேப்பை அவள் எடுத்தாள். அவர் எழுந்து நின்றார். அவரைச் சுற்றி இரண்டு கையையும் கொண்டுபோய் டேப்பின் முனையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் மேல் சிமெண்ட் வாசம் அடித்தது. எத்தனை காலமாயிற்று இவ்வளவு பக்கத்தில் நின்று!

"மூச்சைப் பிடிக்காதீங்க."

"பிடிக்கல."

"பிடிச்சிருக்கீங்க. விடுங்க."

விட்டார். டேப்பை வயிற்றின் மேல் இறுக்காமல், தொய்ய விடாமல் சேர்த்தாள்.

"எவ்வளவு?"

சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவர் தலையாட்டினார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள், கோபமில்லை. "ரொம்ப தூரம்தான்" என்றார். "ராத்திரி நான் எழுந்தா, நீயும் எழுந்திரு. திட்ட வேணாம். சும்மா வந்து உக்காரு."

"சரி."

அதற்குள் சிட்டு சமையலறைக்குப் போயிருந்தாள். அரிசி டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, அரிசி எவ்வளவு போட?"

வாழ்நாளெல்லாம் அளந்தே பிழைத்தவளுக்கு இந்த அளவு தெரியவில்லை. நான்கு பேருக்குக் கைக்குத் தெரியும். அதற்குக் குறைவாக அந்தக் கை இதுவரை அள்ளியதே இல்லை. தையல்காரி வாயைத் திறந்தாள்.

"மூணு பேருக்கு" என்றாள்.

டேப் அவள் கையில் குலுங்கியது. முதலில் தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தாள். இல்லை. டேப்புக்குள் இருந்த மனிதர் குலுங்கிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல், வயிறு குலுங்க, ஆபரேட்டர் அழுதார். இத்தனை நாள் கழித்து. அவள் டேப்பை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அழுவதைப் பார்த்தால் தனக்கும் வரும் என்று நினைத்தாள். கண் உலர்ந்தே கிடந்தது.

"மூணு வேணாம்மா" சமையலறையிலிருந்து சிட்டு சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். "எனக்கு வேணாம். ரெண்டு பேருக்கே போட்டுடறேன்."

தையல்காரி மிஷின் பக்கத்துக் குவியலைப் பார்த்தாள். மேலாக, காலையில் போட்டபடியே, மகளின் ஸ்கர்ட் கிடந்தது.

டேப்பை விட்டுவிட்டு அதை எடுத்தாள். திருப்பினாள். இரண்டு பக்கத் தையலுக்கும் உள்ளே துணி மடிந்து மடிந்து தடித்துக் கிடந்தது. தேய்த்துப் படிய வைத்தும் அடங்காத அளவுக்குத் துணி. பிடித்தது அவள் கைதான். லூசாயிருக்கும்மா என்று சிட்டு போட்டுவிட்டுப் போவாள், இவள் பிடித்துக் கொடுப்பாள். எத்தனை தடவை? ஒரு தடவையாவது ஏன் லூசாகிறது என்று கேட்டாளா? அப்பாவுக்குப் பிரித்த அதே வாரங்களில், அதே விளக்கின் கீழே, மகளுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தரையில் விழுந்திருந்த டேப்பைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சிட்டு அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தொளதொளத்த சட்டைக்குள் தோள் எலும்பு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. தினமும் பார்த்த முதுகுதான்.

"இங்க திரும்பு. கையைத் தூக்கு."

"எதுக்கும்மா?"

"தூக்குடி."

சிட்டு திரும்பினாள். அம்மாவின் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள், இன்னொரு கையில் திருப்பிப் பிடித்திருந்த ஸ்கர்ட்டையும் பார்த்தாள். சற்றுமுன் அப்பாவுக்கு முன்னால் அத்தனை பேச்சுப் பேசிய பெண், பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா" என்றாள். "அளக்காத."

கிரேன் அடியில் வராத பயம், ஆஸ்பத்திரி வாசலில் சின்னவரின் செருப்பைக் கையில் கொடுத்தபோதும் வராத பயம், அப்போது தையல்காரிக்கு வந்தது. டேப்பை நீட்டியபடியே நின்றாள்.

சிட்டு கையைத் தூக்கவில்லை.